சகிப்புத்தன்மை: எதைச் சகிக்கலாம், எதற்கு அந்தச் சொல் பொருந்தாது

கொழும்பில் வருடம் முழுக்கக் காதில் விழும் சொல் இது. வெசாக் வாழ்த்துச் செய்தியில் இருக்கும், நத்தார் வாழ்த்தில் இருக்கும், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரின் பேச்சிலும் வந்துவிடும். புறக்கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களையும், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலையும், ஒல்லாந்தர் கட்டிய வுல்ஃபெண்டால் தேவாலயத்தையும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலையும் ஒரே காலைக்குள் காட்டிவிட்டு "பாருங்கள், எவ்வளவு சகிப்புத்தன்மை!" என்று முடிப்பார்கள். அப்புறம் முகநூலில் யாராவது கோபமாக ஒன்று எழுதினால் அவருக்குச் சகிப்புத்தன்மை இல்லை என்பார்கள். அவரோ "இன்னும் எத்தனை காலம்தான் சகித்துக்கொண்டு இருப்பது?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒரு இடத்தில் நல்ல குணம், இன்னொரு இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, வேறொரு இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது, கடைசியில் கஷ்டத்தைத் தாங்குவது. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். இப்படிப் புழங்குவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் இருக்கிறது. அடி வாங்கியவரிடம் போய் "கொஞ்சம் சகிப்புத்தன்மையோடு நடந்துகொள்ளுங்கள்" என்று புத்தி சொல்கிற பழக்கம் இந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கிறது. அதனால் அடியிலிருந்து மெதுவாகப் பார்ப்போம்.

## ஒரு தொடர்மாடியும் கருவாட்டு வாசனையும்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஏதோ ஒரு ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி என்று வைத்துக்கொள்வோம். நாலாம் மாடியில் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத ஒரு சைவக் குடும்பம். பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கருவாடு பொரியும். இரண்டு வீட்டுக் குசினி ஜன்னல்களும் ஒரே ஒடுங்கிய இடைவெளியைப் பார்த்துத்தான் திறக்கின்றன, அதனால் அங்கே எண்ணெய் காய்ந்ததும் இங்கே வாசனை சாமியறை வரைக்கும் வந்துவிடும். சாம்பிராணி போட்டால் அடங்காது, சாம்பிராணிப் புகையோடு சேர்ந்து இன்னும் கனக்கும்.

இந்தச் சைவ வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மௌனம்தான். ஆனால் அதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு மனிதர்கள் இருக்கலாம்.

முதலாமவருக்கு அந்த வாசனை ஒரு பொருட்டே இல்லை. சின்ன வயதில் ஊரில் கடற்கரைக்குக் கிட்ட வளர்ந்தவர், தான் சாப்பிடுவதில்லையே தவிர மணத்தில் வெறுப்பில்லை. அவர் பேசாமல் இருப்பதைப் பெரிய குணமாகப் பாராட்ட ஒன்றுமில்லை, அவருக்குப் பிரச்சினையே இல்லை.

இரண்டாமவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் அவர் வாடகைக்கு இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்தான் இந்த வீட்டுக்கும் சொந்தக்காரர், வாய் திறந்தால் அடுத்த மாதம் சாமான் கட்ட வேண்டியிருக்கும். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு இருக்கிறார்.

மூன்றாமவருக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் அவர் அந்தத் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுத் தலைவர். குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் சைவ உணவுக்காரர்கள், கருவாடு சமைக்கக் கூடாது என்று கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தால் கை உயர்த்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர் அதைச் செய்யவில்லை. ஏனென்றால் தன் வீட்டுக்குள் எதைச் சமைப்பது என்பது அந்தக் குடும்பத்தின் தீர்மானம், அதில் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறார்.

இந்த மூன்று பேரில் சகித்துக்கொள்கிறவர் மூன்றாமவர் மட்டுந்தான்.

## அப்படியானால் சகிப்புத்தன்மை எதனால் ஆனது?

மூன்றாமவரிடம் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு விஷயம் தெரியும். இதைப் பற்றி எழுதிய தத்துவ அறிஞர்கள் வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் எளிமையாக வைத்துக்கொள்வோம்.

முதலில் மறுப்பு. அதாவது, மற்றவர் நம்புவதோ செய்வதோ பிழை, அல்லது பிடிக்கவில்லை என்ற உண்மையான எண்ணம். இரண்டாவது தடுக்கும் வலு. அதை நிறுத்தவோ குறைந்தபட்சம் இடைஞ்சல் கொடுக்கவோ உங்களால் முடிய வேண்டும். மூன்றாவது விட்டுக்கொடுக்கும் காரணம். பிடிக்காவிட்டாலும் தடுக்கக் கூடாது என்று உங்களைச் சொல்லவைக்கும், மறுப்பைவிடக் கனமான ஒரு காரணம் அது. நான்காவது எல்லை, எதற்கு மேல் விட முடியாது என்ற கோடு. இதே கருவாட்டுக் குடும்பம் மீன் கழிவைப் பொதுப் படிக்கட்டில் கொட்டினால் தலைவர் பேசாமல் இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், பிடிக்காத ஒன்றை, தடுக்க முடிந்தும், ஒரு நல்ல காரணத்துக்காக, ஒரு எல்லை வரைக்கும் தடுக்காமல் விடுவதுதான் சகிப்புத்தன்மை. இதில் ஒன்றை உருவிவிட்டாலும் அது வேறு ஏதோ ஆகிவிடும்.

## மறுப்பு இல்லாத இடம்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெற்றியில் திருநீறோடு மெழுகுதிரி ஏற்றுகிற சைவர்கள் அங்கே எத்தனை பேர் என்று. இதைத்தான் சகிப்புத்தன்மைக்கு முதல் உதாரணமாக எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் அப்படி மெழுகுதிரி ஏற்றுகிற ஒரு அம்மாவுக்கு அந்தோனியாரிடம் மறுப்பு ஏதாவது இருக்கிறதா? நேர்த்தி வைத்து, பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்திருக்கிறார். அவர் எதையும் சகிக்கவில்லை, வணங்குகிறார். அது சகிப்பைவிட எவ்வளவோ நெருக்கமான ஒன்று, அதைப் போய்ச் சகிப்பு என்றால் குறைத்துச் சொல்வதாகும்.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே சுற்றுவட்டாரத்தில் இருப்பதும் அப்படித்தான். அது துறைமுக நகரத்தின் வரலாறு. வியாபாரம் செய்ய வந்த ஒவ்வொரு கூட்டமும் தன் வழிபாட்டிடத்தைத் தொழிலுக்குக் கிட்டக் கட்டியது. பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒருவரை ஒருவர் சகிக்கிறார்கள் என்று ஆகாது. சும்மா பழகிப்போயிருக்கலாம், கவனிக்காமலே இருக்கலாம், நல்ல சிநேகமாகவும் இருக்கலாம். சகிப்பு தேவைப்படும் நேரம், ஒருவர் செய்வது மற்றவருக்கு உண்மையிலேயே உறுத்தத் தொடங்கும் நேரம்.

## வலு இல்லாத இடம்

இதுதான் நம் பேச்சில் அதிகம் குழம்பும் பகுதி, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தடுக்க முடியாததைத் தாங்குவதற்குப் பொறுத்துப்போதல் என்று நம்மிடம் நல்ல வழக்கு இருக்கிறது. நம் தொடர்மாடிக் கதையின் இரண்டாமவர் செய்வது அதுதான். பொறுத்துப்போகிறவர் தாழ்ந்தவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு வேறு வழி தரப்படவில்லை என்கிறேன். அவரைப் பார்த்து "என்ன ஒரு சகிப்புத்தன்மை!" என்று வியந்தால், அவருக்கு வழி இல்லாமல் செய்தது எது என்ற கேள்வி அப்படியே மறைந்துபோகும்.

சரி, அப்படியானால் வலு இல்லாதவர்களுக்குச் சகிப்புத்தன்மையே கிடையாதா? அப்படியும் இல்லை. வலு கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதில்தான் அது தெரியும். நாடு என்று பார்த்தால் தமிழர்கள் சிறுபான்மை. ஆனால் வலு என்பது பாராளுமன்றத்தில் மட்டும் இருக்கிற ஒன்றில்லை. வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு வைத்திருக்கும் தமிழர், தன் வாசலில் வந்து நிற்கும் முஸ்லிம் குடும்பத்தையோ மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞரையோ பார்த்து ஒரு தீர்மானம் எடுக்கிறாரே, அந்த நிமிடத்தில் வலுவுள்ளவர் அவர்தான். சகிப்புத்தன்மை பற்றிய கேள்வி அப்போது அவரை நோக்கித் திரும்பும். நம் கையில் ஒன்றும் இல்லை என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பது, நம் கையில் இருப்பதைப் பார்க்காமல் இருக்கவும் உதவிவிடுகிறது.

பாடசாலையில் பொறையுடைமை அதிகாரம் படித்த நமக்கு இன்னொரு கலப்பும் வரும். தோண்டுகிறவனைத் தாங்கும் நிலம்போல இருக்க வேண்டும் என்ற குறள் உடனே ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆனால் அது, நமக்குத் தீங்கு செய்தவரைப் பொறுப்பது பற்றியது. சகிப்புத்தன்மையில் மற்றவர் நமக்குத் தீங்கு எதுவும் செய்திருக்கவே வேண்டியதில்லை. அவருடைய வாழ்க்கையை அவர் வாழ்கிறார், அது நமக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: பிடித்திருந்தால் அது சகிப்பு ஆகாது, வழியில்லாமல் தாங்கினாலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, கொஞ்சம் கஷ்டமான ஒன்றுதான் சகிப்பு.

## மனிதரைச் சகிப்பது என்று ஒன்று உண்டா?

ஒருவர் இன்னொரு இனத்தையே வெறுக்கிறார், ஆனால் வெறுப்பை அடக்கிக்கொண்டு அவர்களை ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். அவர் சகிப்புத்தன்மை உள்ளவரா? நம் கணக்குப்படி பார்த்தால் மறுப்பு இருக்கிறது, வலு இருக்கிறது, தடுக்காமலும் இருக்கிறார். இன்னும் அதிகமாக வெறுத்து இன்னும் அதிகமாக அடக்கினால் இன்னும் பெரிய சகிப்பாளர் ஆகிவிடுவாரா? எங்கேயோ பிழைக்கிறது, இல்லையா?

பிழை முதல் பகுதியில், அதாவது மறுப்பில் இருக்கிறது. ஒரு நம்பிக்கையை மறுக்கலாம், ஒரு சடங்கை, ஒரு பழக்கத்தை, ஒரு அரசியலை மறுக்கலாம். அதற்குக் காரணம் சொல்ல முடியும், மற்றவர் பதில் சொல்லவும் முடியும். ஒருவர் தமிழராக, முஸ்லிமாக, சிங்களவராக இருப்பதை மறுக்க என்ன காரணம் சொல்ல முடியும்? அங்கே மறுப்பு என்ற பெயரில் இருப்பது வெறும் வெறுப்பு. அதை அடக்குவதற்குப் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது, அதை விட்டுவிட வேண்டும்.

இது ஏட்டுப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு 2007 ஜூன் 7ஐ ஞாபகப்படுத்துகிறேன். அன்று விடியற்காலை கொழும்பில் புறக்கோட்டை, வெள்ளவத்தை போன்ற இடங்களிலிருந்த லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட விளக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது "அரசாங்கத்துக்குச் சகிப்புத்தன்மை இல்லை" என்று சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால், லொட்ஜில் படுத்திருந்தவர் ஏதோ செய்தார், அதை அரசு பொறுத்திருக்கலாம் என்று ஆகிவிடுகிறது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகவும் அங்கே வசிக்கவும் ஒவ்வொரு பிரஜைக்கும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. உரிமை என்பது, மற்றவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்காமல் உங்களுக்குச் சேர வேண்டியது. கொழும்பில் வாழ்வது யாருடைய சகிப்புக்கும் கட்டுப்பட்டதில்லை.

## கொடுத்தவர் திரும்ப எடுக்கலாம்

சகிப்புக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் கண்டி வரலாற்றில் அழகாகத் தெரியும்.

கரையோரத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புரட்டஸ்தாந்தர்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். பிறகு பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைப் புரிந்துகொண்டான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளிகளை வீட்டார்கூடக் கைவிட்டபோது இந்தக் குருவானவர் பராமரித்ததைப் பார்த்து, அவர் தாராளமாகச் சமயப் பணி செய்ய இடம் கொடுத்தான். கிறிஸ்தவ ஆட்சி துரத்திய கத்தோலிக்கருக்குப் பௌத்த அரசு நிழல் கொடுத்தது. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தது இந்த யோசப் வாஸைத்தான்.

கதை அங்கே நிற்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் கண்டி இராச்சியத்திலேயே கத்தோலிக்கருக்கு எதிராக நடவடிக்கை வந்தது, குருமார் வெளியேற்றப்பட்டார்கள். மக்கள் மாறவில்லை, சமயம் மாறவில்லை. மன்னன்தான் மாறினான்.

இப்படி மேலே இருப்பவர் விரும்பிக் கொடுப்பதை அனுமதிச் சகிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கொடுப்பவர் நல்லவராக இருக்கும்வரை அது நன்றாகவே இருக்கும். பிரான்சிலும் இதே கதைதான். புரட்டஸ்தாந்தருக்கு மன்னர் நாலாம் ஹென்றி 1598இல் நாந்த் நகரில் கொடுத்த வழிபாட்டு உரிமை ஆணையை, அவருடைய பேரன் பதினாலாம் லூயி 1685இல் ரத்துச் செய்தார்.

நம்முடைய 1978 அரசியலமைப்பில் இரண்டு வகையும் அருகருகே இருக்கின்றன. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, மற்றச் சமயத்தவரின் உரிமைகளுக்கு உறுதியும் சொல்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றில் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது, அதற்கு எந்த மட்டுப்பாடும் எழுதப்படவில்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், அதற்கு மேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். மன்னனின் மனத்தை நம்பியிருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. மேடையில் ஒருவர் "நாங்கள் எல்லாச் சமயங்களையும் சகித்துக்கொள்கிறோம்" என்று அன்பாகச் சொன்னாலும் எனக்கு நெருடுவது இதனால்தான். அந்தச் சுதந்திரத்தை அவர் தரவில்லையே.

## எல்லையை எங்கே போடுவது?

ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். அதிகாலைப் பாங்கு, விடியவிடியப் பிரித் என்ற பௌத்த ஓதல், திருவிழாக் காலத்தில் கோயில் பாட்டு, தேவாலய நவநாள். எல்லாரும் வைக்கிறார்கள், எல்லாருக்கும் மற்றவருடையது சத்தமாகக் கேட்கிறது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்குக் கோடு போட்டது, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் பொதுவாக ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று. வழக்கு வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் தொடர்பாக வந்தது, ஆனால் கட்டளை எல்லாச் சமயத்துக்கும்.

இந்த எல்லை எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். எந்த மந்திரம் சரி, எந்தத் தொழுகை பிழை என்ற கேள்விக்குள்ளேயே அது போகவில்லை. தூங்குகிறவருக்கும் நோயாளிக்கும் என்ன ஆகிறது என்று மட்டும் பார்க்கிறது, எல்லாருக்கும் ஒரே நேரத்தைச் சொல்கிறது. நல்ல எல்லையின் அடையாளம் இதுதான்: எனக்குப் பிடிக்காதது என்பதைக் காரணமாக வைக்காமல், பாதிப்பைக் காரணமாக வைக்கும், எனக்கும் அதே அளவில் பொருந்தும்.

இன்னொரு எல்லை சகிப்பையே ஒழிக்க நினைப்பவர்களைப் பற்றியது. கார்ல் பொப்பர் என்ற தத்துவ அறிஞர் 1945இல் வெளிவந்த தன் நூலின் ஒரு குறிப்பில், எல்லையில்லாமல் சகித்தால் சகியாதவர்கள் வந்து சகிப்பவர்களையும் சகிப்பையும் சேர்த்து அழித்துவிடுவார்கள் என்று எழுதினார். இணையத்தில் இதன் முதல் பாதிதான் சுற்றுகிறது, "ஆகவே எனக்குப் பிடிக்காத கருத்தைத் தடைசெய்யலாம்" என்ற அர்த்தத்தில். அதே குறிப்பிலேயே அவர் சொல்வது வேறு. வாதத்தாலும் பொதுமக்கள் அபிப்பிராயத்தாலும் கட்டுப்படுத்த முடிகிறவரை தடை போடுவது புத்தியில்லை, அவர்கள் வாதத்துக்கே வராமல் கைமுட்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லத் தங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது தடுக்கும் உரிமை வேண்டும் என்கிறார். அதாவது கோடு, பேச்சு எங்கே முடிந்து அடி எங்கே தொடங்குகிறதோ அங்கே.

சுருக்கம்: எல்லை இல்லாத சகிப்பு நிலைக்காது. ஆனால் எல்லை என்பது மனம் புண்பட்ட இடத்தில் வராது, பாதிப்பும் வன்முறையும் வரும் இடத்தில் வரும்.

## சகிக்கிறவர் வாயை மூட வேண்டுமா?

வேண்டாம். இந்தத் தப்பபிப்பிராயம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்றால், ஒரு சமயத்தைப் பற்றியோ வழக்கத்தைப் பற்றியோ யாராவது விமர்சனம் செய்தாலே சகிப்பின்மை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சகிப்பில் மறுப்பு உள்ளேயே இருக்கிறது என்று பார்த்தோம். மறுப்பவர் அதைச் சொல்லலாம், எழுதலாம், வாதாடலாம், "நீங்கள் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். தடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே. கருவாட்டு வீட்டுக் கதவைத் தட்டி "அண்ணே, விரத நாளில் மட்டும் அந்த ஜன்னலைச் சாத்திக்கொள்வீர்களா?" என்று கேட்பதால் அந்தத் தலைவரின் சகிப்பு குறைந்துவிடாது.

இதன் மறுபக்கம் நம் நாட்டில் இன்னும் சிக்கலாக இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, பகையையும் வன்முறையையும் தூண்டும் இன, மத வெறுப்புப் பிரச்சாரத்தைக் குற்றமாக்குகிறது. சிறுபான்மையினர் அடிபடாமல் காக்க வேண்டிய சட்டம். ஆனால் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காக, பிக்குமாரின் முறைப்பாட்டின் பேரில், இந்தச் சட்டத்தின் கீழ் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் கதை யாரையும் அடிக்கச் சொல்லவில்லை, சிலருடைய மனம் புண்பட்டது. சகிப்பைக் காக்கும் எல்லைக்கோட்டை மனம் புண்படும் இடத்துக்கு நகர்த்தினால், கடைசியில் அந்த எல்லையைப் போடுகிறவர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அது அநேகமாக எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் கூடியவராகவே இருப்பார், அவருக்குத்தான் முறைப்பாட்டை எடுத்துக்கொள்ளும் பொலிஸ் நிலையம் சுலபமாகக் கிடைக்கும்.

அடுத்த தடவை யாராவது "இதைச் சகித்துக்கொள்ளுங்கள்" என்று உங்களிடம் சொன்னால், முதலில் இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். இதைத் தடுக்கும் வலு உண்மையில் எனக்கு இருக்கிறதா? சகிக்கச் சொல்வது ஒருவரின் பழக்கத்தையா, என்மேல் விழும் அடியையா? வலுவும் இருந்து, விஷயமும் பழக்கம்தான் என்றால், அவர் சொல்வதை யோசித்துப் பார்க்கலாம், அநேகமாக அவர் சொல்வது நியாயமாகவே இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் அடி என்றால், அங்கே கேட்க வேண்டியது நீதி.